தாத்தாவின் 812: எதிர்ப்பொருள் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?

2021 செப்டம்பரில் எங்கள் வீட்டில் ஓர் எண் மிகப் பிரபலம்: 812. எழுபத்து மூன்று வயதான என் தாத்தா, தனியார் மருந்தகம் ஒன்றில் பணம் கட்டிச் செய்துகொண்ட இரத்தப் பரிசோதனையின் முடிவு அது. கொவிட்-19 கிருமிக்கு எதிராக அவர் உடலில் எவ்வளவு எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, இருக்கிறது என்பதை அந்த எண் காட்டியது. 0.8க்கு மேல் இருந்தால் 'பாசிட்டிவ்' என்று தாளின் ஓரத்தில் அச்சிட்டிருந்தார்கள். தாத்தா துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர். உடனே மனக்கணக்குப் போட்டார்.

"ஆயிரம் மடங்கு இருக்கு, பார்த்தியாம்மா?" என்றார் என்னிடம்.

அந்த மாதம்தான் 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு பூஸ்டர் தடுப்பூசி போடும் பணி சிங்கப்பூரில் தொடங்கியிருந்தது. தாத்தாவின் கைப்பேசிக்கும் குறுஞ்செய்தி வந்தது. அவர் போகவில்லை. ஆயிரம் மடங்கு பாதுகாப்பு இருக்கும்போது இன்னோர் ஊசி எதற்கு என்பது அவருடைய வாதம். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் அப்போது உயர்நிலை நான்கில் இருந்தேன். வீட்டில் அறிவியல் படிக்கிற பிள்ளை என்று என்னிடமும் கேட்டார்கள். "தாத்தா சொல்றது சரிதாம்மா" என்று நான் சொன்னேன்.

2022 பிப்ரவரியில், ஓமிக்ரான் அலை வீசியபோது தாத்தாவுக்குத் தொற்று கண்டது. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். மூன்று நாள் ஆக்சிஜன் தேவைப்பட்டது. நல்லபடியாக வீடு திரும்பினார். ஆனால் "அந்தத் தாள் பொய் சொல்லிடுச்சு" என்ற பேச்சு எங்கள் வீட்டில் நெடுநாள் ஓயவில்லை.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் உயிர் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. நோயெதிர்ப்பியல் பாடம் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாள் நினைவுக்கு வருகிறது. தாள் பொய் சொல்லவில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். அதனிடம் கேட்கக்கூடாத கேள்வியை நாங்கள் கேட்டுவிட்டோம். அதே கேள்வி 2025ல் உலக அளவில் மீண்டும் எழுந்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் தொடங்கிய விவாதம்

2025 மே மாதத் தொடக்கத்தில் சிங்கப்பூரில் கொவிட்-19 சம்பவங்கள் கூடின. ஏப்ரல் 27 முதல் மே 3 வரையிலான வாரத்தில் ஏறக்குறைய 14,200 பேருக்குத் தொற்று இருந்ததாகச் சுகாதார அமைச்சு மதிப்பிட்டது. அதற்கு முந்திய வாரம் அந்த எண்ணிக்கை 11,100.

அதே மாதம் 20ஆம் தேதி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் தலைவர் மார்ட்டின் மக்காரியும் அங்குத் தடுப்பூசிப் பிரிவுக்குப் பொறுப்பு வகித்த வினய் பிரசாத்தும் புதிய கொள்கை ஒன்றை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டனர். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் நோய் கடுமையாகும் அபாயம் உள்ளவர்களுக்கும், புதிய கொவிட் தடுப்பூசி போதிய எதிர்ப்பொருளை உருவாக்குகிறது என்று காட்டினால் போதும். ஆரோக்கியமான மற்றவர்களுக்கு அனுமதி வேண்டுமென்றால் அது போதாது. ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு, நோய் உண்மையாகவே குறைகிறது என்று சோதனை நடத்திக் காட்டவேண்டும். ஆகஸ்ட் மாதம் வந்த அனுமதியும் மூத்தோருக்கும் அபாயம் உள்ளோருக்கும் மட்டுமே என்று அமைந்தது.

இந்த முடிவை வரவேற்றவர்களும் உண்டு, கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. அரசியலைச் சற்று ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அடியில் இருப்பது ஓர் அறிவியல் கேள்வி. இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் அளவைப் பார்த்து, ஒரு தடுப்பூசி எவ்வளவு நன்றாக, எத்தனை நாளுக்குப் பாதுகாக்கும் என்று சொல்ல முடியுமா?

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் உண்மை

முதலில், எதிர்ப்பொருள் அளவு பயனற்றது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சுவாசக் கிருமிகளைப் பொறுத்தவரை இந்த அளவுக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்கு உலகம் முழுவதும் பயன்படும் அளவுகோல் '1:40'. ஒருவருடைய இரத்த நீரை 40 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும், சளிக்காய்ச்சல் கிருமி சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதை அது தடுக்க முடிந்தால், அந்த அளவு 1:40. பிரிட்டனில் தொண்டூழியர்களிடம் நடத்திய சோதனைகளை ஒட்டி 1972ல் வெளிவந்த ஆய்விலிருந்து இது நிலைபெற்றது. இந்த அளவு உள்ளவர்களுக்குத் தொற்று அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

பாதி என்பதைக் கவனியுங்கள். 1:40 என்பது கோட்டைச் சுவர் போன்றதன்று. அந்த அளவு இருந்தும் நோய் கண்டவர்கள் உண்டு. இல்லாமலேயே தப்பியவர்களும் உண்டு. குழந்தைகளுக்கு இதே பாதிப் பாதுகாப்புக் கிடைக்க 1:110 அளவு தேவைப்படுகிறது என்று 2011ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, ஒரே எண் எல்லா வயதினருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

கொவிட்-19க்கும் இப்படி ஓர் உறவு கண்டறியப்பட்டது. 2021ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஏழு தடுப்பூசிகளின் சோதனை முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தனர். நோயிலிருந்து குணமடைந்தவர்களுக்கு இருக்கும் சராசரி எதிர்ப்பொருள் அளவை நூறு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 20 இருந்தால் அறிகுறியுள்ள தொற்றுக்கு எதிராக 50 விழுக்காடு பாதுகாப்பு. கடும் நோய்க்கு எதிராக அதே 50 விழுக்காட்டுப் பாதுகாப்புக்கு 3 இருந்தாலே போதும் என்று அவர்கள் கணக்கிட்டனர்.

அடுத்த ஆண்டு வெளிவந்த மொடர்னா சோதனையின் பகுப்பாய்வும் இதே திசையில் சென்றது. கிருமியைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளின் அளவு 10ஆக இருந்தவர்களிடம் தடுப்பூசியின் செயல்திறன் 78 விழுக்காடு, 100ஆக இருந்தவர்களிடம் 91, 1,000ஆக இருந்தவர்களிடம் 96. இதில் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. எண் கூடக்கூடப் பாதுகாப்புக் கூடுகிறது, அது உண்மை. ஆனால் எண் நூறு மடங்கு கூடும்போது பாதுகாப்பு 78லிருந்து 96க்குத்தான் போகிறது. தாத்தா போட்ட 'ஆயிரம் மடங்கு' கணக்கு தவறியது இங்கேதான்.

அந்தத் தாளில் இருந்த 0.8 என்பது பாதுகாப்புக்கான எல்லையே இல்லை. எதிர்ப்பொருள் இருக்கிறதா இல்லையா என்று கருவியால் சொல்ல முடிகிற எல்லை அது. கடலில் உப்பு இருக்கிறதா என்று நாக்கால் சொல்லிவிடலாம். அதை வைத்துக் கடலின் ஆழத்தைச் சொல்ல முடியாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 மே மாதமே, தடுப்பூசி போட்ட பிறகு பாதுகாப்பைத் தெரிந்துகொள்ள எதிர்ப்பொருள் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியிருந்தது. அது எங்கள் வீட்டுக்கு எட்டவில்லை.

ஒட்டுவது வேறு, தடுப்பது வேறு

தாத்தாவின் பரிசோதனை, கிருமியின் கூர்முனைப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் அனைத்தையும் அளந்தது. ஒட்டிக்கொள்பவை எல்லாம் கிருமியைத் தடுப்பதில்லை. கிருமி நம் உயிரணுவுக்குள் நுழைவதை நேரடியாகத் தடுப்பவை அவற்றில் ஒரு பகுதிதான்.

இந்த வேறுபாட்டை எளிதில் அளக்க வழி கண்டவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வாங் லின்ஃபாவின் குழு 2020ல் உருவாக்கிய 'சிபாஸ்' பரிசோதனை, கிருமியின் புரதம் நம் உயிரணுவின் நுழைவாயிலைப் பற்றிக்கொள்வதை எதிர்ப்பொருள் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கிறது. அதற்கு முன்பு இதை அறிய, உயிருள்ள கிருமியை உயர்பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பல நாள் காத்திருக்க வேண்டும். சிபாஸ் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவைத் தந்தது. 2020 நவம்பரில் அமெரிக்காவின் அவசரகால அனுமதியும் அதற்குக் கிடைத்தது.

ஒட்டுவதற்கும் தடுப்பதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வரலாற்றில் ஒரு துயரமான சான்று உண்டு. ஆர்எஸ்வி என்பது பச்சிளங்குழந்தைகளையும் முதியோரையும் வாட்டும் சுவாசக் கிருமி. 1960களின் நடுவில் அமெரிக்காவில் அதற்கு ஒரு தடுப்பூசி சோதிக்கப்பட்டது. ஃபார்மலினால் செயலிழக்கச் செய்யப்பட்ட கிருமி அதில் இருந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவானது. ஆனால் உண்மையான கிருமி வந்தபோது, ஊசி போடாத குழந்தைகளைவிடப் போட்ட குழந்தைகள் மோசமாக நோயுற்றார்கள். ஒரு குழுவில், ஊசி போட்டபின் தொற்று கண்டவர்களில் 80 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இரண்டு குழந்தைகள் இறந்தனர்.

அந்த எதிர்ப்பொருள்கள் கிருமியில் ஒட்டின; அதைத் தடுக்கும் திறன் அவற்றுக்கு மிகக் குறைவு. அவற்றோடு சேர்ந்து எழுந்த தவறான வகை நோயெதிர்ப்பு, நுரையீரலுக்கே கேடாக முடிந்தது. கிருமியின் புரதம் உயிரணுவுடன் இணைவதற்கு முன்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று 2013ல் கண்டுபிடித்த பிறகுதான் நல்ல தடுப்பூசிக்கு வழி பிறந்தது. முதல் ஆர்எஸ்வி தடுப்பூசிக்கு 2023ல்தான் அனுமதி கிடைத்தது.

வாசற்காவலும் உள்ளே இருப்பவர்களும்

எதிர்ப்பொருளை ஒரு கட்டடத்தின் வாசலில் நிற்கும் காவலர் என்று வைத்துக்கொள்வோம். திருடன் உள்ளே நுழையாமல் தடுப்பது அவர் வேலை. காவலர் அசந்துவிட்டால்? உள்ளே நுழைந்தவனைத் தேடிப் பிடிக்க வேறு ஆட்கள் வேண்டும். நம் உடலில் அந்த வேலையைச் செய்பவை டி உயிரணுக்கள். கிருமி புகுந்த உயிரணுக்களை அவை கண்டுபிடித்து அழிக்கின்றன. நினைவு உயிரணுக்கள் பழைய எதிரியை அடையாளம் கண்டு, சில நாள்களில் புதிய எதிர்ப்பொருளை உருவாக்கத் தொடங்குகின்றன. மருந்தகத்தில் செய்யும் சாதாரண எதிர்ப்பொருள் பரிசோதனை இவற்றில் எதையும் காட்டாது.

இதற்கும் நம் நாட்டிலிருந்தே சான்றுகள் உண்டு. 2003ல் சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 238 பேரைத் தாக்கி 33 பேரைக் கொன்றது. அதிலிருந்து மீண்ட 23 பேரை டியூக்-என்யுஎஸ் ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, 17 ஆண்டுகள் கழித்தும் சார்ஸ் கிருமியை அடையாளம் காணும் டி உயிரணுக்கள் அவர்களிடம் இருந்தன.

2021ல் வெளியான இன்னோர் ஆய்வு, கொவிட்-19 கண்டு குணமடைந்த 164 பேரை ஆறு மாதம் கண்காணித்தது. எதிர்ப்பொருள் குறையும் விதத்தை வைத்து அவர்கள் ஐந்து பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். சிலருக்குத் தடுக்கும் எதிர்ப்பொருள் உருவாகவே இல்லை. சிலருக்கு வேகமாகக் குறைந்தது, சிலருக்கு மெதுவாக. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அளவு பெரிதாக மாறவே இல்லை. மிகச் சிலருக்குத் தாமதமாக ஏறியது. ஒரே கிருமி, ஒரே நகரம். ஆனாலும் இத்தனை வேறுபாடு. இதைவிட முக்கியமான செய்தி, டி உயிரணுக்களின் நோயெதிர்ப்பு ஐந்து பிரிவினரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி நீடித்திருந்தது.

தொற்று வராமல் தடுப்பதற்கும் நோய் கடுமையாகாமல் தடுப்பதற்கும் தேவையான அளவு ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பது இப்போது விளங்கும். முதலாவது பெரும்பாலும் வாசற்காவலின் வேலை. இரண்டாவதில் எல்லாருக்கும் பங்கு உண்டு.

உச்சம் வேறு, ஆயுள் வேறு

அடுத்தது, பாதுகாப்பு எத்தனை நாள் நீடிக்கும் என்ற கேள்வி. ஊசி போட்டுச் சில வாரங்களில் எதிர்ப்பொருள் உச்சத்தைத் தொடும். அந்த வெள்ளத்தை உருவாக்கும் பிளாஸ்மா உயிரணுக்களில் பெரும்பாலானவை விரைவில் இறந்துவிடும். இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளும் ஏறக்குறைய 21 நாளில் பாதியாகிவிடும். பல ஆண்டுகளுக்கு எதிர்ப்பொருளை விடாமல் சுரப்பவை, எலும்பு மஜ்ஜையில் குடியேறும் சிறு எண்ணிக்கையிலான நீண்ட ஆயுள் பிளாஸ்மா உயிரணுக்கள். உச்ச அளவு எவ்வளவு என்பது, அந்தக் குடியேற்றம் நடந்ததா என்பதைச் சொல்லாது.

தட்டம்மைக்கு எதிரான எதிர்ப்பொருள் பாதியாகக் குறைய 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று 2007ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. டெட்டனஸ் எதிர்ப்பொருளுக்கு அது 11 ஆண்டு. கொவிட்-19 எம்ஆர்என்ஏ தடுப்பூசி போட்டவர்களின் எலும்பு மஜ்ஜையை 2024ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று ஆராய்ந்தது. சளிக்காய்ச்சலுக்கும் டெட்டனஸுக்கும் எதிரான நீண்ட ஆயுள் உயிரணுக்கள் அங்கு இருந்தன. கொவிட்-19க்கு எதிரானவை பெரும்பாலும் காணப்படவில்லை.

போதாதற்கு, சுவாசக் கிருமிகள் நமக்கு அவகாசமும் தருவதில்லை. தட்டம்மை வெளிப்படப் பத்து நாளுக்கு மேல் ஆகும். நினைவு உயிரணுக்கள் விழித்தெழ அது போதும். சளிக்காய்ச்சலும் ஓமிக்ரானும் இரண்டு மூன்று நாளில் அறிகுறிகளைக் காட்டிவிடும். கையில் போடும் ஊசியால் மூக்கின் உட்பரப்பில் உருவாகும் காவலும் குறைவு. இதற்கிடையில் கிருமியும் மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு ஊசி மட்டும் போட்டவர்களின் எதிர்ப்பொருள், ஓமிக்ரானைத் தடுக்கும் திறனை 20 மடங்குக்கும் மேல் இழந்ததைப் பல ஆய்வுக்கூடங்கள் கண்டன. தாத்தாவின் 812, முதலில் பரவிய கிருமியின் புரதத்தைக் கொண்டு அளக்கப்பட்டது. அவரைத் தாக்கிய கிருமி வேறு.

அப்படியானால் நீடிப்பை முன்கூட்டியே கணிக்க வழியே இல்லையா? 2025 ஜனவரியில் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று புதிய தடயத்தை வெளியிட்டது. பறவைக் காய்ச்சல் தடுப்பூசி போட்ட 50 பேரின் இரத்தத்தை அவர்கள் தொடர்ந்து சோதித்தனர். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில், ஊசி போட்ட சில நாள்களிலேயே தெரியும் மரபணுச் செயல்பாட்டுக்கும் எதிர்ப்பொருள் நீடிக்கும் காலத்துக்கும் தொடர்பு இருந்தது. தட்டணுக்களை உருவாக்கும் பெரிய உயிரணுக்கள் எலும்பு மஜ்ஜையில் இருக்கின்றன. நீண்ட ஆயுள் பிளாஸ்மா உயிரணுக்கள் பிழைத்திருக்க அவை துணைபுரிகின்றன. ஏழு வகைத் தடுப்பூசிகளில் 244 பேரின் தரவுகளிலும் இந்தத் தொடர்பு தென்பட்டது. மருந்தகத்தில் செய்யக்கூடிய பரிசோதனையாக இது இன்னும் மாறவில்லை. இருந்தாலும், எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அறிவியல், எவ்வளவு காலம் என்றும் கேட்கத் தொடங்கிவிட்டது.

விவாதத்தில் யார் பக்கம்?

என் பார்வையில், எதிர்ப்பொருள் அளவு ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் நல்ல சாட்சி. ஒரு தனி மனிதரைப் பற்றிச் சொல்லும் பலவீனமான சாட்சி. பல்லாயிரம் பேரின் சராசரியை வைத்து, இந்த ஆண்டின் ஊசி சென்ற ஆண்டின் ஊசிக்குக் குறைந்ததில்லை என்று முடிவெடுக்கலாம். சளிக்காய்ச்சலுக்கு நெடுங்காலமாக இப்படித்தான் செய்கிறோம். ஒவ்வொரு திரிபுக்கும் பெரிய சோதனை நடத்தி முடிப்பதற்குள் கிருமி அடுத்த திரிபுக்குப் போய்விடும். அமெரிக்கக் கொள்கையை எதிர்ப்பவர்களின் இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

மறுபக்கமும் முழுக்கத் தவறென்று சொல்ல முடியாது. இருபது வயது ஆரோக்கியமான ஒருவருக்குக் கடும் நோய் வரும் வாய்ப்பு ஏற்கெனவே குறைவு. இன்னோர் ஊசி அவருடைய எதிர்ப்பொருளை உயர்த்தும் என்பதில் ஐயமில்லை. அதனால் அவருக்கு எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு நன்மை என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது. தாத்தாவுக்கோ கணக்கே வேறு. அவர் வயதில் ஆரம்ப அபாயமே அதிகம். பாதுகாப்பு சிறிதளவு கூடினாலும் அது பல உயிர்களைக் காக்கும்.

சிங்கப்பூரில் 60 வயதுக்கு மேற்பட்டோருக்கும் உடல்நலம் குன்றியோருக்கும், கடைசி ஊசிக்குப் பிறகு ஏறக்குறைய ஓராண்டில் கூடுதல் கொவிட் ஊசி பரிந்துரைக்கப்படுவதற்கு இதுவே அடிப்படை. அதற்கு யாரும் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்வதில்லை. நாள்காட்டி போதும்.

பூஸ்டர் போட்டிருந்தால் தாத்தா மருத்துவமனைக்கே போயிருக்க மாட்டார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தனி மனிதரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது என்பதுதான் நான் இவ்வளவு நேரம் எழுதியதன் சாரம். வாய்ப்புக் குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் பதினாறு வயதில் புரியாத ஒன்றைப் புரிந்ததுபோல் "சரிதாம்மா" என்று சொன்னது என் தவறு. நம் வீடுகளில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள், ஆங்கிலத்தில் அச்சடித்த மருத்துவத் தாள்களை நம்மிடம்தான் நீட்டுகிறார்கள். எண் தெரிகிறது என்பதற்காகப் பொருளும் தெரியும் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. தெரியாவிட்டால், "மருத்துவரைக் கேட்போம் தாத்தா" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சென்ற மாதம் தாத்தாவை பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றேன். ஒரு கையில் சளிக்காய்ச்சல் ஊசி, மறு கையில் கொவிட் ஊசி. வீட்டுக்கு வந்ததும் தம்முடைய பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து அந்தப் பழைய தாளை வெளியே எடுத்தார். கிழித்துப் போடப் போகிறார் என்று நினைத்தேன். அதைத் திருப்பி, பின்பக்கத்தில் அடுத்த ஆண்டு ஊசி போட வேண்டிய மாதத்தைப் பென்சிலால் எழுதி, மீண்டும் உள்ளே வைத்துக்கொண்டார்.